ஒட்டகத்தோடு பங்கு போட்ட சாளை

மஸ்கட் ரூவியில் எனக்கு இரண்டு கடை. சலாலாவில் ஒன்று. துபாய் அல் கூஸில் ஒரு கிடங்கு. எல்லாம் வண்டி உதிரிபாகம்தான். நடுப் பாலைவனத்தில் லாரி நின்றுபோனால் டிரைவர் முதலில் படைத்தவனைக் கூப்பிடுவான், அடுத்து என்னைக் கூப்பிடுவான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒருவன் இவ்வளவும் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

எங்கள் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலருக்கு 'நான் வளர்ந்த ஊர்' என்று ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மற்ற பெரியவர்கள் எல்லாம் கடற்கரை, தர்கா கந்தூரி, பொரி உருண்டை என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் அந்த ஊரில் இருந்தது நாலு வயது வரைக்கும். எனக்கு நினைவில் இருப்பது ஒரு வெள்ளாடு மட்டும்தான். அதுவும் யார் வீட்டு ஆடு என்று தெரியாது. அதை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் எழுதுவது? ஆகவே நான் உண்மையிலேயே வளர்ந்த ஊரை எழுதுகிறேன். அது சலாலா.

ஓமானின் தென்கோடியில் இருக்கிறது. நான் சொல்வது இன்றைய சலாலா இல்லை, நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய சலாலா. ஊரின் ஒரு முனையில் நின்று கத்தினால் மறுமுனையில் இருப்பவர் கத்துவது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் தென்னை, வாழை, பப்பாளி. வருடத்தில் மூன்று மாதம் மலையிலிருந்து மூடுபனி இறங்கிச் சாரல் பெய்யும். அந்த நேரத்தில் வடக்கிலிருந்து அரபிகள் குடும்பத்தோடு வண்டி ஓட்டி வந்து, நனைவதற்கென்றே பாய் விரித்து வெளியில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பையன்கள் குடை பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். அவர்கள் எங்களையும் குடையையும் பார்த்துச் சிரிப்பார்கள்.

மற்ற ஒன்பது மாதம் வெயில். புல் காய்ந்து மலை பழுப்பாகிவிடும். அப்போது ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் தீனி கடலிலிருந்து வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாளை மீனை, சிலர் மத்தி என்பார்கள், வலை வலையாக இழுத்துக் கரை மணலில் அப்படியே கொட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் சாக்கில் கட்டி, ஒட்டகத்துக்குத் தினமும் படி அளந்து போடுவார்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் டீயைக் குடித்துவிட்டு, என்ன பாலில் மீன் வாடை அடிக்கிறதே என்று முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பால். இன்றைக்கும் பெட்டிப் பாலைக் குடித்தால் ஏதோ குறைகிறாற்போல் இருக்கும்.

என் வாப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். அந்த ஊர்ப் பெண்கள் முன்னால் குட்டையாகவும் பின்னால் தரையில் இழுபடும்படியும் வெல்வெட்டில் ஓர் உடுப்புப் போடுவார்கள். அந்த வெல்வெட்டுக்கு எங்கள் கடைதான் பேர்போனது. முன்னால் கடை, அதற்குப் பின்னால் நாங்கள் இருந்த இரண்டு அறை, அதற்கும் பின்னால் ஒரு முற்றம், முற்றத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. மொத்தக் கட்டடமும் எங்கள் கஃபீலுடையது. கஃபீல் என்றால் நமக்குப் பொறுப்பேற்று விசா கொடுத்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் கடை இல்லை, விசா இல்லை, அந்த நாட்டில் நமக்கு நிற்க இடம் இல்லை. எங்கள் கஃபீல் மலைக்காரர். நல்ல உயரம், நல்ல தொந்தி, தாடியில் மருதாணிச் சிவப்பு. அதிகம் பேசமாட்டார். அவருக்கு முப்பது நாற்பது ஒட்டகம் இருந்தது. ஒட்டகத்துக்கு வேண்டிய சாளை மூட்டைகளை எங்கள் முற்றத்துத் தகரக் கொட்டகையில்தான் அடுக்கி வைத்துப் பூட்டியிருந்தார்.

அந்த வாடையோடுதான் நாங்கள் எழுந்தோம், தொழுதோம், தூங்கினோம். வாப்பா வாய் திறக்க முடியாது. கட்டடம் கஃபீலுடையது, ஒட்டகம் அவருடையது, விசா அவருடையது. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வாப்பா எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். வீட்டில் கருவாடு சமைக்கக் கூடாது. ஒரு பெண்மணி வெல்வெட்டை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாளாம். கொட்டகை வாடை ஒன்று போதும், நம் வீட்டு வாடையும் சேர வேண்டாம் என்றார்.

என் உம்மாவுக்கு இது சோறு இல்லை என்று சொன்ன மாதிரி. கடற்கரை ஊரில் பிறந்தவள், கருவாட்டு ஆணம் இல்லாமல் கால் வயிறுகூட நிறையாது. எங்கள் பக்கத்தில் குழம்பை ஆணம் என்போம். காலையிலிருந்து மாலை வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாளை வாடை அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவள் இந்தப் பக்கத்தில் பருப்பைக் கடைந்துகொண்டு இருப்பாள். எனக்குப் பத்து வயது. பார்க்கச் சகிக்கவில்லை.

இதோடு சேர்த்து என்னுடைய ஒரு கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். சலாலாவில் நம் நாட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு மலையாளத்து டீச்சர் தன் வீட்டு ஹாலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. ஆனால் அந்த ஹாலுக்கு ஜன்னல் பெரியது. ஜன்னல் வழியாக ஒட்டகம் போவது தெரியும். ஒட்டகத்தின் பின்னால் ஓடும் பையன்கள் தெரிவார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வகுத்தல் கணக்கு யார் போடுவது? நான் பெரும்பாலும் ஒட்டகத்தின் பின்னால்தான் ஓடினேன். அரபி அங்கேதான் படித்தேன். மலைக்காரர்கள் தங்களுக்குள் பேசும் மொழி ஒன்று உண்டு, அதையும் படித்தேன். முதலில் திட்டுகிற வார்த்தை, பிறகு தின்கிற வார்த்தை, கடைசியில் மற்றது. இன்றைக்கு மஸ்கட்டில் பெரிய பெரிய படிப்பாளிகள் மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறார்கள். நான் தனியாகப் போவேன், தனியாக முடித்துக்கொண்டு வருவேன்.

எனக்கும் உம்மாவுக்கும் ஓர் உடன்படிக்கை உண்டானது. யார் முதலில் பேசினோம் என்று நினைவில்லை. நான் ஒரு பை கருவாடு கொண்டுவந்து கொடுத்தால், ஒரு நாள் நான் டீச்சர் வீட்டுக்குப் போகாததை உம்மா வாப்பாவிடம் சொல்லமாட்டாள். எனக்குக் காய்ச்சல் என்பாள். அந்த வருடம் எனக்கு வந்த காய்ச்சலுக்கு ஒரு சாதாரணப் பிள்ளை செத்தே போயிருக்கும்.

கருவாடு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. ஆனால் பின்பக்கத் தகரம் ஒன்றில் கீழ் ஆணி கழன்றிருந்தது. குப்புறப் படுத்துத் தகரத்தை ஒரு கையால் தூக்கினால், மறு கை தோள் வரைக்கும் உள்ளே போகும். சுவரோரம் அடியில் இருந்த மூட்டையில் விரலால் ஒரு ஓட்டை போட்டேன். பிறகு பிடிப் பிடியாக வாப்பா கடைத் துணிப்பையில் நிரப்பிக்கொள்வேன். மேல் மூட்டையைத் தொடவே மாட்டேன். கதவைத் திறந்து பார்க்கிறவருக்கு அடுக்கு அடுக்காகவே தெரியும். பத்து வயதில் எனக்கு இந்தப் புத்தி. இதைத் திருட்டு என்று நீங்கள் சொல்லலாம். ஒட்டகத்தோடு பங்கு என்றுதான் அன்றைக்கு நான் சொல்லிக்கொண்டேன்.

உம்மாவிடம் சொன்ன கதை வேறு. கடலோரத்தில் ஒரு கிழவி விற்கிறாள், நான் அவள் ஆட்டை மேய்த்துக் கொடுப்பதால் எனக்குச் சும்மா தருகிறாள் என்றேன். முதல் நாள் உம்மா ஒரு சாளையைக் கழுவி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன வாப்பா இது, பேருக்கும் உப்பில்ல. ஒரே மண்ணு."

எங்கள் பக்கத்தில் செல்லமாகப் பிள்ளையையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இந்த ஊரு வழக்கம் அப்படித்தான் உம்மா. உப்புக்குப் பதிலா மண்ணு போடுவாங்க."

நம்பினாள். வந்த நாளிலிருந்து அந்த ஊரில் எல்லாம் தலைகீழாகத்தான் இருந்தது. மழையில் போய் நனைகிறவர்கள் கருவாட்டில் மண் போடமாட்டார்களா? அவளே நாலு தண்ணீரில் அலசி, உப்பும் மிளகாயும் தடவி இன்னொரு தரம் காயவைத்தாள். வாப்பா கடையில் இருக்கும் நேரத்தில் பொரித்தாள். பொரிக்கிற வாடை கொட்டகை வாடையில் கலந்து போனதால் வாப்பாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. நாலு மாதம் இப்படி ஓடியது. உம்மா முகத்தில் சதை போட்டது. எனக்கு மலை மொழியில் பழைய வசவுகள் தீர்ந்து புதியவை வந்தன.

அப்போதுதான் விசா புதுப்பிக்கிற காலம் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கஃபீல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் வாப்பா காகிதத்தை நீட்டுவார், அவர் ஒட்டகத்தின் முதுகில் வைத்தே போட்டுத் தருவார். இந்தத் தடவை காகிதத்தைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரமும் அதே வார்த்தை. மூன்றாவது வாரமும் அதே. மாதம் முடிவதற்குள் கையெழுத்து வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

வாப்பா சாப்பாட்டைக் குறைத்தார். ஊரிலிருந்த நிலத்தை விற்றுத்தான் அந்தக் கடையைப் போட்டிருந்தார். போனால் தன் அண்ணன் வீட்டில்தான் போய் நிற்க வேண்டும். அந்தப் பெரியவாப்பா எனக்காக ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் இடம் பார்த்து வைத்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார். சுவருக்குள் பள்ளிக்கூடம், சுவருக்குள் படுக்கை, வாரத்துக்கு ஒரு நாள் வெளியே விடுவார்களாம். நான் பயந்த பிள்ளை இல்லை. பாம்பைக் கண்டு பயந்ததில்லை, ஒட்டகம் துரத்தி வந்தபோது பயந்ததில்லை. அந்தக் கடிதத்துக்குப் பயந்தேன்.

கடைசியில் வாப்பா, கஃபீலை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு சாப்பாட்டுக்கு அழைத்தார். உம்மா விடியலிலிருந்தே அடுப்பில் நின்றாள். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி ஆணம், கத்தரிக்காய் போட்ட தாளிச்சா, கடைசியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த வட்டிலப்பம். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குத் தனித் தட்டு வைக்கமாட்டோம். சகன் என்கிற ஒரே பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி மூன்று பேர், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அரபிகளுக்கும் அதே பழக்கம்தான் என்பதால் வாப்பாவுக்கு அதில் ஒரு தெம்பு. பிள்ளைகளைச் சகனில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் அன்றைக்கு நான் இல்லாமல் விருந்து நடக்காது. ஆறு வருடம் கடை நடத்தியும் வாப்பாவின் அரபி கலர், மீட்டர், விலை என்கிற மூன்றைத் தாண்டவில்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை போகவேண்டுமானாலும் என் வழியாகத்தான் போகவேண்டும்.

கஃபீல் வந்து உட்கார்ந்தார். வாப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சமையல் அறை வாசலில் திரைச்சீலை, அதற்குப் பின்னால் உம்மா. வாப்பாவின் சட்டைப்பையில் காகிதம். கஃபீலின் வெள்ளை அங்கிப் பையில் பேனா. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டே கறியைத் தின்றேன்.

உம்மா ஒரு காரியம் செய்தாள். தப்பு என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வராது. விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றவள். விருந்தாளி சாப்பிட உட்கார்ந்தாகிவிட்டது, நாமும் ஒரு வாய் பழைய சோறு தின்போம் என்று நாலு சாளையை எண்ணெயில் போட்டுவிட்டாள். எப்போதும் போல இந்த வாடையையும் கொட்டகை மறைத்துவிடும் என்று நினைத்தாள்.

வாப்பாவுக்கு மறைத்தது. கஃபீலுக்கு மறைக்கவில்லை. தன் கொட்டகையின் வாடை எது, அதற்குமேல் வருவது எது என்று அந்த மூக்குக்குத் தெரியும். சோற்றை எடுத்த கை பாதியில் நின்றது. அது என்ன என்று என்னிடம் கேட்டார்.

"என்னடா சொல்றாரு?" என்றார் வாப்பா.

"தண்ணி வேணுமாம்."

வாப்பா தண்ணீர் ஊற்றினார். கஃபீல் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சமையல் அறைப் பக்கம் விரலை நீட்டி மறுபடியும் கேட்டார். இன்னும் கொஞ்சம் ஆணம் கேட்கிறார் என்று சொல்லிவிட்டேன். வாப்பா சந்தோஷமாக ஆணத்தை அள்ளி வைத்தார். கஃபீல் தண்ணீரையும் தொடவில்லை, ஆணத்தையும் தொடவில்லை. திரைச்சீலையைப் பார்த்து, நேராகவே, "சமக்?" என்றார்.

உம்மாவுக்கு அரபியில் தெரிந்தது பத்து வார்த்தை. அதில் மீன் இல்லாமல் இருக்குமா? விருந்தாளி வாய் விட்டுக் கேட்டுவிட்டார், அதுவும் தான் பொரித்ததை. திரைச்சீலைக்குக் கீழே ஒரு தட்டு வந்தது. நாலு சாளை, மேலே வதக்கிய சின்ன வெங்காயம். வாப்பா அந்தத் தட்டைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தன் வீட்டில், தன் சட்டத்தின் மேல், கருவாடு.

கஃபீல் ஒன்றை எடுத்துத் தலையோடு தின்றார். மெதுவாக மென்றார். இன்னொன்றும் தின்றார். பிறகு வாப்பாவுக்கு ஒரு எழுத்தும் விளங்காத மலை மொழியில் என்னிடம் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னது இதுதான். நாலு மாதமாகத் தன் மூட்டைகள் அடியிலிருந்து இளைத்துக்கொண்டே போகின்றன. பூட்டு பூட்டினபடி இருக்கிறது. முற்றத்தில் குடியிருப்பது ஒரே ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்து மனிதரிடம் போய், நீ என் ஒட்டகத்தின் தீனியைத் திருடினாயா என்று கேட்பது தனக்கும் அசிங்கம், அவருக்கும் அசிங்கம். அதனால்தான் கேட்கவும் முடியாமல், கையெழுத்துப் போடவும் மனமில்லாமல் இருந்தேன் என்றார்.

"உன் வாப்பாவிடம் இதைக் கேள். ஒரு வார்த்தை குறையாமல் கேள்."

மூன்று வாரமாக வாப்பா இந்தக் கையெழுத்து வராததற்குக் கிரகம், நசீபு என்கிற தலைவிதி, போட்டிக் கடைக்காரன் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் அவருக்கு எதிரில் உட்கார்ந்து கறி தின்றுகொண்டிருந்தது.

"என்னவாம்?"

"ரொம்ப ருசியா இருக்காம்."

வாப்பா நெஞ்சில் கை வைத்தார். இந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றும் அவர் தந்ததுதான் என்று மரியாதையாகச் சொல்லச் சொன்னார். அன்றைக்குப் பேசினதிலேயே உண்மையான பேச்சு அது ஒன்றுதான் என்பதால் நானும் அப்படியே மொழிபெயர்த்தேன். கஃபீல் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

இதோடு நின்றிருந்தால் இன்னொரு பொய்யைச் சொல்லிக் கரை ஏறியிருப்பேன். திறமை இருந்தது. ஆனால் எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி எதை ருசித்தாரோ அதில் கொஞ்சம் கையில் கொடுத்து அனுப்பாவிட்டால் அவர்களுக்கு மனசு ஆறாது. உம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த, இன்னும் அலசாத கருவாட்டை எடுத்தாள். பச்சை வெல்வெட் துண்டில் வைத்தாள். நாலு முனையையும் சேர்த்து ரிப்பனால் கட்டினாள். கல்யாணச் சீர் மாதிரி அந்தப் பொட்டலம் திரைச்சீலைக்குக் கீழே வந்து நின்றது.

கஃபீல் ரிப்பனை அவிழ்த்தார். அவருடைய சாளை, அவருடைய மண். ஒரு சாளையை வாலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வாப்பாவும் பார்த்தார். அந்த மூட்டைகளைக் கொட்டகையில் இறக்க எத்தனையோ தடவை கை கொடுத்தவர் அவர். திரைச்சீலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை சட்டைப்பையிலிருந்த காகிதத்தின் மேல் போய் அப்படியே இருந்தது.

யார் என்று கஃபீல் கேட்டார். அரபியில், ஒரே வார்த்தை.

என்னிடம் பதில்கள் வரிசையாக நின்றன. பூனை. எலி. கடலோரக் கிழவி. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அவர் கண் வாப்பாவின் மேல்தான் போய் நிற்கும், பேனா பையிலேயே இருக்கும் என்று தெரிந்தது.

"அனா," என்றேன்.

நான் என்று அர்த்தம். கலர், மீட்டர், விலைக்கு அப்பால் வாப்பாவுக்கும் தெரிந்த வார்த்தை அது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கஃபீலுக்குக் கோபம் வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. பூட்டு இருக்கும்போது எப்படி எடுத்தாய் என்று மட்டும் கேட்டார். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நாலு மாதம் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத திறமை அது. எழுந்து கையைக்கூடக் கழுவாமல் முற்றத்துக்கு ஓடினேன். குப்புறப் படுத்துத் தகரத்தைத் தூக்கி, தோள் வரைக்கும் கையை விட்டு, ஒரு பிடி சாளையை வெளியே எடுத்துக் காட்டினேன். எந்த மூட்டை, ஏன் அந்த மூட்டை, மேல் மூட்டையை ஏன் தொடக் கூடாது என்பதையும் விளக்கமாகச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. இந்தச் சந்தில் கை போகாது என்றார். போகும் என்றேன். அந்தப் பெரிய மனிதர் வெள்ளை அங்கியோடு மண்ணில் மண்டி போட்டுத் தகரத்துக்கு அடியில் தன் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது. அதற்குமேல் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

இழுத்தார். தகரம் சத்தம் போட்டது, கை வரவில்லை. தலைத்துணி அவிழ்ந்து சாளைத் தூளில் விழுந்தது. வாப்பா ஓடி வந்து அவர் இடுப்பைப் பிடிக்கலாமா கூடாதா என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏன்டா, மூதேவி, அது கையெழுத்துப் போடுற கைடா," என்றார் என்னிடம். அழுகிற குரல்.

சமையல் அறை ஜன்னல் திறந்தது. வளையல் போட்ட ஒரு கை தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியது. நான் அவர் கை முழுக்க எண்ணெயைக் கொட்டித் தேய்த்தேன். வாப்பா தகரத்தைத் தூக்கினார். கஃபீல் மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். கை வந்தது, அவர் பின்பக்கமாக மண்ணில் விழுந்தார். முழங்கையில் ஒரு கீறல், அங்கி முழுக்க எண்ணெய், தாடியில் சாளைச் செதில்.

ஊருக்குப் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தேன்.

முதலில் அவர் தொந்திதான் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு வெளியில் வந்தது. மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தார். கண்ணைத் துடைக்கப் போய்க் கண்ணில் எண்ணெய் பட்டு, அதற்கும் சிரித்தார். வாப்பா சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன் என்பதால் அவரும் பயந்து பயந்து சிரித்தார்.

கஃபீல் கையை நீட்டினார். வாப்பா காகிதத்தைக் கொடுத்தார். கொட்டகைத் தகரத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எண்ணெய் ரேகையோடு அந்தக் காகிதத்தை ஆபீஸ்காரர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார்கள் என்று வாப்பா பிற்பாடு சொன்னார். எழுந்து கிளம்பும்போது கஃபீல் என்னிடம் சொன்னார்:

"வீட்டில் ஒரு திருடன் இருக்கிறான் என்று நினைத்துத்தான் பேனாவை எடுக்கவில்லை. இருப்பது எலி. எலிக்கு எதற்கு விசா? மற்ற இரண்டு பேருக்கும் போட்டுவிட்டேன்."

வெல்வெட் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டுப் பெண்மணி கொடுத்ததை வைத்துவிட்டுப் போவது அவர்களுக்கும் வழக்கம் இல்லை.

"என்னடா சொல்லிட்டுப் போறாரு?" என்றார் வாப்பா.

"இந்தப் பையனை அடிக்கக் கூடாதுன்னு சொன்னாரு."

கையில் ஈரம் காயாத கையெழுத்தை வைத்துக்கொண்டு கஃபீல் பேச்சை மீற வாப்பாவுக்குத் துணிச்சல் இல்லை. ஓங்கின கையை இறக்கிவிட்டார். அதற்குப் பதில் மறுநாளிலிருந்து அவரே என்னைக் கையைப் பிடித்து டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். எனக்குக் காய்ச்சல் வருவது நின்றுபோனது. அந்த டீச்சர் ஊரைவிட்டுப் போகும் வரைக்கும் படித்தேன். நான் படித்த ஐந்தாம் வகுப்பு முழுக்க அந்தச் சாளை போட்ட படிப்புதான்.

ஆனால் அன்று மத்தியானம் இன்னொன்றும் நடந்தது. கஃபீலின் வண்டி திரும்பிப் போனதும் வாப்பா உள்ளே வந்து சகனுக்கு முன்னால் உட்கார்ந்தார். சோறு ஆறிப் போயிருந்தது. காலையிலிருந்து அவர் ஒரு கவளம்கூட ஒழுங்காகத் தின்னவில்லை. திரைச்சீலை விலகி உம்மா வந்து நின்றாள்.

"ஒட்டகம் திங்கறதை நாலு மாசமா திங்குறோம், தெரியுமா புள்ள?" என்றார் வாப்பா. "இனி இந்த வீட்டுல கருவாடு வாடை வந்துச்சு..."

உம்மா உள்ளே போனாள். தட்டில் மிஞ்சியிருந்த இரண்டு சாளையையும் இன்னொரு தரம் சூடு காட்டி எடுத்து வந்து வாப்பாவின் பக்கத்துச் சோற்றில் வைத்தாள்.

"ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து ஆயிடுச்சுல்லங்க," என்றாள். "சாப்புடுங்க."

வாப்பா வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு சாளையின் முள்ளை எடுக்க ஆரம்பித்தார்.